யாரும் கேட்காத கார்

பாப்பா,

இந்தக் கடிதம் உன் கைக்குக் கிடைக்கும்போது நீ டேஷ்போர்டைத் திறந்து ஆர்.சி. கார்டைத் தேடிக்கொண்டிருப்பாய். வண்டி கைக்கு வந்த அன்றே பேப்பரையெல்லாம் ஒருமுறை எடுத்துப் பார்த்துவிட வேண்டும் என்று உனக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான்தான். அதனால் நிச்சயம் திறப்பாய் என்று நம்பி, இன்சூரன்ஸ் தாளுக்கு அடியில் இதை மடித்து வைத்திருக்கிறேன். நெல்லித்தோப்பிலிருந்து மூலக்குளத்துக்குப் பத்து நிமிஷம், சிக்னலில் மாட்டினால் இருபது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் நீ வருகிறாய், எதிரெதிரே உட்கார்ந்துதான் சாப்பிடுகிறோம். இந்த மனுஷனுக்கு எதற்குக் கடிதமெல்லாம் என்று உனக்குத் தோன்றும். நேரில் மூன்று தடவை ஆரம்பித்துப் பார்த்தேன். அந்தப் பழைய வெள்ளைக் காரைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே 'விடுப்பா' என்று சொல்லிவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விடுகிறாய். முப்பது வருஷமாகப் பழைய கார் வாங்கி விற்றுக் கொடுக்கிற புரோக்கர் நான். எப்பேர்ப்பட்ட கஞ்சனையும் உட்கார வைத்துப் பேசிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன். உன்னுடைய அந்த ஒரு வார்த்தையைத் தாண்டி எனக்குப் பேச வரவில்லை.

சொல்ல வந்ததை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் என் தொழில் புத்தி சுற்றி வளைத்துப் பேச வைத்துவிடும். போன வருஷம் இறந்துபோனாரே உன் மாமனார், அவரைப் பற்றி நீ பதினோரு வருஷமாக மனசில் வைத்திருக்கிற விஷயம் பொய். அந்தப் பொய்யைச் சொன்னவன் நான். எப்படி, ஏன் என்பதை ஒழுங்காகச் சொல்ல வேண்டுமானால், நீ இரண்டு மாதத்துக்கு முன்னால் கேட்ட கேள்விக்கான பதிலிலிருந்துதான் தொடங்க வேண்டும். இரண்டும் ஒரே முடிச்சு.

அன்றைக்கு வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே உன் மாமியாருக்காகக் கேட்டாய். "அப்பா, அத்தைக்கு வாரத்துல ரெண்டு நாளு டயாலிசிஸ். ஆட்டோல வந்து எறங்கறதுக்குள்ள ஆளு துவண்டு போயிடறாங்க. ஒரு வண்டி பாரு. அவரு புதுசா எடுத்துடலாம்னு சொல்றாரு, ஏழு வருஷம் லோன் குடுக்கறாங்களாம். நீ என்ன சொல்ற?" கல்யாணம் ஆன பிறகு நீ என்னிடம் வாய் திறந்து கேட்டது அதுதான் முதல் தடவை. தீபாவளிக்குப் புடவை என்ன நிறத்தில் வேண்டும் என்று கேட்டால்கூட 'எதுவானாலும் சரிப்பா' என்று சொல்கிறவள் நீ. 'பாக்கறேன்' என்று மட்டும்தான் அன்று என்னால் சொல்ல முடிந்தது.

புதுக்கார் ஷோரூம் கேட்டைத் தாண்டி ரோட்டில் டயரை வைத்ததுமே பழைய கார் ஆகிவிடும். வாங்குகிறவன் இதை நம்ப மாட்டான். மாலை போட்டிருக்கிறது, சீட்டில் பாலிதீன் கவர்கூடக் கிழிக்கவில்லை, இது எப்படிப் பழசாகும் என்று கேட்பான். அவன் கட்டிய மொத்தத் தொகையில் ரோடு டாக்ஸ், இன்சூரன்ஸ், அது இது என்று ஷோரூம்காரர் போட்டதெல்லாம் அடக்கம். விற்கப் போனால் அந்தப் பணத்தை ஒருவனும் கணக்கில் எடுக்க மாட்டான். அதற்கு மேல் முதல் வருஷத்தில்தான் விழுகிற விழுக்காடு அதிகம். மூன்று வருஷத்துக்குள் விலையில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும், ஐந்து வருஷத்தில் பாதி. இது என் கைக்கணக்குதான், வண்டிக்கு வண்டி முன்னே பின்னே இருக்கும். ஆனால் ஐந்தாவது வருஷத்துக்கு மேல் விலை மெதுவாகத்தான் இறங்கும். பெட்ரோல் போட்டால் பர்ஸ் இளைப்பது கண்ணுக்குத் தெரிகிறது, டயர் மாற்றினால் தெரிகிறது. இந்தத் தேய்மானம் மட்டும் தெரியவே தெரியாது. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதும் போய்க்கொண்டேயிருக்கும், விற்கிற அன்று மொத்தமாக முகத்தில் அடிக்கும்.

இதைச் சரியாகப் புரிந்துகொண்ட ஒரே ஆளை நான் சுய்ப்ரேன் வீதியில் பார்த்தேன். பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற பெரியவர், எல்லாரும் பிரெஞ்சு வழக்கப்படி 'ஐயா' என்பதற்கு 'முசே' என்றுதான் கூப்பிடுவோம். நான்கு வருஷம் ஓடிய காரை என்னிடம் வாங்கினார். பதினெட்டு வருஷம் அதையே ஓட்டினார். வருஷத்துக்கு ஒருமுறை போய், 'முசே, நல்ல விலைக்கு ஆள் இருக்குது, தள்ளிடலாமா' என்று கேட்பேன். 'நீ இன்னும் உயிரோடதான் இருக்கியா' என்று கேட்டுவிட்டு காபி கொடுத்து அனுப்பிவிடுவார். மேலிருந்து விழுகிற விலையை முதல் ஆள் தலையில் கட்டிவிட்டு, இவர் மீதியை வருஷா வருஷம் பிரித்துத் தின்று தீர்த்துவிட்டார். என் மாதிரி நான்கு புரோக்கர் பட்டினி கிடக்க இவர் ஒருத்தர் போதும் என்று உன் அம்மாவிடம் திட்டியிருக்கிறேன். பொறாமைதான், வேறென்ன.

என் தொழிலில் பாதி வேலை குறை சொல்வது. வண்டியைப் பார்க்கப் போனால் முதலில் கதவை விரல் முட்டியால் தட்டுவேன். அடிபட்டதை மறைக்கப் பட்டி பூசிய இடத்தில் சத்தம் மொத்தையாக வரும். கதவு ரப்பரை இழுத்துப் பார்ப்பேன், உள்ளே தலையை விட்டு முகர்ந்து பார்ப்பேன், மழைத்தண்ணீர் புகுந்த வண்டி பூஞ்சை வாடையில் காட்டிக் கொடுத்துவிடும். ஒன்றும் அகப்படாவிட்டால் 'இந்தக் கலரு விலை போவாது சார்' என்பேன். எதிரில் நிற்கிற மனுஷன் ஆசையாக வைத்திருந்த பொருளை அவன் வாயாலேயே 'சரி, குடுக்கறதைக் குடுங்க' என்று சொல்ல வைத்துவிடுவேன். அவ்வளவு பெரிய ஆள். அப்பேர்ப்பட்ட நான்தான் உன் கல்யாணத்துக்கு ஷோரூமில் போய், கேட்ட விலைக்கு, ஒரு வார்த்தை பேரம் பேசாமல் புதுக் கார் வாங்கினேன்.

உனக்கு என்ன சொன்னேன் என்பது நினைவிருக்கும். எனக்கு அந்த இடம்கூட நினைவிருக்கிறது. நீ கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாய். சென்னையில் அந்தக் காலேஜில் எம்.எஸ்ஸி. நர்சிங் சீட் கிடைத்து, பணம் கட்ட இன்னும் பத்து நாள் இருந்தது. படித்து முடித்து நர்சிங் காலேஜிலேயே பாடம் எடுக்கப் போகிறேன் என்று அப்போதே வீட்டில் டீச்சர் மாதிரி பேசிக்கொண்டு திரிவாய். நான் வந்து நின்று சொன்னேன். "பாப்பா, மாப்ள வூட்ல கார் எதிர்பாக்கறாங்க. வாய்விட்டே கேட்டுட்டாரு அவங்க அப்பா. ரெண்டுக்கும் என்னால முடியாதும்மா." நீ கையிலிருந்த பாவாடையை உதறி, கொடியில் போட்டு, கிளிப்பும் போட்டாய். பிறகு, "சரிப்பா, வுடு" என்றாய். அழவில்லை, சண்டை போடவில்லை. நீ சண்டை போட்டிருந்தால் நான் உடைந்து போய் உண்மையைச் சொல்லியிருப்பேனோ என்னமோ. அப்படிச் சொல்லித் தப்பித்துக்கொள்ளவும் எனக்கு யோக்கியதை இல்லை.

நடந்தது இதுதான். அதற்கு முந்தின வாரம் கண்டமங்கலத்தில் அவர்கள் வீட்டுக்குப் பேசி முடிக்கப் போயிருந்தேன். உன் அம்மாவுக்குக் காய்ச்சல், அவள் வரவில்லை, நான் மட்டும்தான் போனேன். உன் மாமனார் கழனியிலிருந்து வந்து கால் கழுவிக்கொண்டு உட்கார்ந்தார். சீர் செய்முறை என்ன என்று நான்தான் கேட்டேன். அவர் சொன்னதை ஒரு எழுத்து மாற்றாமல் எழுதுகிறேன். "எங்களுக்கு ஒண்ணும் வாணாம் சம்மந்தி. பொண்ணுக்கு நீங்க போடறதைப் போடுங்க. மேல படிக்கணும்னு சொல்லுதாமே, படிக்கட்டும். ரெண்டு வருஷம் இன்னா ரெண்டு வருஷம், கண்ண மூடித் தொறந்தா ஓடிடும்." உன் அத்தை மோர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "எங்க வூட்லயும் ஒரு டீச்சரு வரட்டும்" என்று சிரித்தார். கார் என்ற சொல்லை அந்த வீட்டில் ஒருத்தரும் உச்சரிக்கவில்லை. நான் ஒருத்தன்தான் மனசுக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

ஏன் என்று கேட்பாய். பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது, சொல்கிறேன். நெல்லித்தோப்பு டீக்கடையில் எங்கள் புரோக்கர் கூட்டம் காலையில் கூடுமே, அங்கே ஒருத்தன் எல்லார் எதிரிலும் கேட்டான். "ஊருக்கெல்லாம் வண்டி பாத்துக் குடுக்கற. உன் பொண்ணுக்கு இன்னாய்யா போடப்போற, பேட்டரி செத்த வண்டியா?" எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். அது உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. மண்டப வாசலில் புது வெள்ளைக் கார் ரிப்பன் கட்டி நிற்க வேண்டும், டிக்கி வைத்த வண்டியாக இருக்க வேண்டும், அந்தக் கூட்டம் அதைத் தாண்டித்தான் பந்திக்குப் போக வேண்டும் என்று முடிவு கட்டிவிட்டேன். காருக்கு ஏழு லட்சம். உன் படிப்புக்கு இரண்டு வருஷத்துக்கும் ஹாஸ்டலோடு சேர்த்து நாலு லட்சம். இரண்டும் முடியாது என்று நான் சொன்னது மட்டும் உண்மை. எது வேண்டாம் என்பதை உன்னைக் கேட்காமல் நானே முடிவு செய்து, பழியைக் கழனியில் நின்ற ஒரு மனுஷன் மேல் போட்டேன். இதை உன் அம்மாவிடம் நேற்றுதான் சொன்னேன். அவள் இன்னும் என்னோடு பேசவில்லை.

அதிலும் ஒரு கெட்டிக்காரத்தனம் செய்தேன், அது நம்ம ஊர்க்காரன் மட்டுமே செய்கிற கெட்டிக்காரத்தனம். கண்டமங்கலம் தமிழ்நாட்டு எல்லை. அங்கே மாப்பிள்ளை பேரில் எடுத்தால் வரி அதிகம், புதுச்சேரியில் எடுத்தால் குறைவு. அதனால் என் பேரில், நெல்லித்தோப்பு முகவரியில், பி.ஒய். நம்பரில் பதிந்து, மணக்குள விநாயகர் கோயில் வாசலில் நான்கு டயருக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கி, அப்படியே மண்டபத்துக்குக் கொண்டு போனேன். வரியில் மிச்சம் பிடித்துவிட்டேன் என்று அன்றைக்கும் பீற்றிக்கொண்டேன். போலீஸ் நிறுத்தினால் 'மாமனார் வண்டி சார்' என்று உன் வீட்டுக்காரர் சொல்லிச் சொல்லியே ஓட்டினார். அந்தப் பக்கத்துக்காரன் ஒருத்தன் வாங்க வேண்டுமானால் நம்ம ஊர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் தடையில்லாச் சான்று வாங்கி, அங்கே வரி கட்டி, நம்பர் மாற்றி எடுக்க வேண்டும். அந்த அலைச்சலுக்கும் சேர்த்து விலையைக் குறைத்துத்தான் கேட்பான். மிச்சம் பிடித்த வரி அங்கேயே கரைந்துவிடும். இது எனக்குத் தெரியும், தெரிந்தும்தான் செய்தேன். ஆர்.சி. என் பேரில் இருந்ததால் அந்த வண்டியை விற்க என் கையெழுத்து வேண்டும். அந்தக் கையெழுத்துதான் பிறகு உன் படிப்பை இரண்டாவது தடவை கெடுத்தது.

கல்யாணமாகி இரண்டாவது வருஷம், இன்னும் குழந்தை பிறக்கவில்லை. ஒரு நாள் காலை பதினோரு மணிக்கு உன் மாமனார் டி.வி.எஸ். ஃபிஃப்டியில் நெல்லித்தோப்புக்கு வந்தார். வெயிலில் சட்டை நனைந்திருந்தது. உட்காராமலே இடுப்பிலிருந்து காரின் இரண்டாவது சாவியை எடுத்து டீப்பாய் மேல் வைத்தார். "சம்மந்தி, அந்த வண்டிய வித்துக் குடுத்துடுங்க. எங்க வூட்டு சந்துல அது திரும்பவே மாட்டேங்குது, சும்மாதான் நிக்குது. பொண்ணு அலமாரியில ஒரு ஃபாரம் பாத்தேன், காலேஜு ஃபாரம். எழுதி முடிச்சி அனுப்பாம வச்சிக்கினு இருக்குது. பணத்த அதுக்குக் கட்டிடலாம். நான் சொன்னேன்னுகூட சொல்ல வாணாம், நீங்களே குடுக்கறதா இருக்கட்டும்." அப்போது அந்த வண்டிக்கு ஐந்து லட்சம் கிடைத்திருக்கும். எனக்கு உடனே வாயில் வந்தது இதுதான். "இப்ப வித்தா ரெண்டு லட்சம் நஷ்டம் சம்மந்தி. மார்க்கெட்டு படுத்துக் கெடக்குது. ரெண்டு வருஷம் போவட்டும், நல்ல விலை வரும்."

பாப்பா, ஊரில் வேறு எவன் இதைச் சொல்லியிருந்தாலும் அறியாமை என்று விட்டுவிடலாம். காத்திருந்தால் காருக்கு விலை ஏறாது என்று தெரிந்தவன் நான். போன இரண்டு லட்சம் ஏற்கெனவே போய்விட்டது, விற்றாலும் விற்காவிட்டாலும் அது திரும்ப வராது. கையில் மிச்சமிருந்த ஐந்தை என்ன செய்யலாம் என்பதுதான் கேள்வி. நாலு உனக்குக் கட்டியிருந்தால் ஒரு லட்சம் மீதிகூட இருந்திருக்கும். ஆனால் இரண்டே வருஷத்தில் மகளுக்குப் போட்ட காரை விற்றுவிட்டான் என்று அந்த டீக்கடை பேசுமே என்று நினைத்தேன். அவர் விடாமல், "நஷ்டம் கெடக்கட்டும், புள்ளகிட்ட ஒரு வார்த்த கேளுங்க" என்றார். நான் அதற்கும் ஒன்று சொன்னேன். "கேட்டுட்டேன் சம்மந்தி. அதுக்கு இப்ப படிப்புல இஷ்டமில்லையாம்." அவர் சாவியை எடுத்து மறுபடி இடுப்பில் முடிந்துகொண்டார், தண்ணீர் குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இனிமேல் எழுதப்போவதை நீ நேரிலேயே பார்த்தாய், ஆனால் பாதிதான் பார்த்தாய். பேரனுக்குக் காது குத்தினோமே, கண்டமங்கலத்தில், பந்தலில் சாப்பாடு நடந்துகொண்டிருந்தபோது யாரோ உன் மாமனாரைக் கேட்டார்கள், கார் இருக்கும்போது ஏன் இன்னும் டி.வி.எஸ்.ஸில் போகிறீர்கள் என்று. அவர் பதில் சொல்வதற்கு முன்னால் நீ சாம்பார் வாளியோடு நின்றபடி சொன்னாய். "கேட்டு வாங்கினாரு, ஏறத்தான் மாட்டேங்கறாரு." நீ அடுத்த இலைக்குப் போய்விட்டாய். அவர் உன்னைப் பார்க்கவில்லை, நேராக என்னைப் பார்த்தார். நான் இலையில் இருந்த அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தேன். நான் என்ன சொல்லி வைத்திருக்கிறேன் என்பது அந்த நொடியில் அவருக்குப் புரிந்துவிட்டது. எழுந்து, "வெயிலு ஏறுது, வண்டி மேல தார்ப்பாய் போட்டுட்டு வந்துடறேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனார். சாப்பாடு முடியும் வரை உள்ளே வரவில்லை.

இரண்டு நாள் கழித்து நான் அவரைத் தேடிக் கழனிக்குப் போனேன். மடை திருப்பிக்கொண்டிருந்தார், உன் அத்தை வரப்பில் சாப்பாட்டுத் தூக்கோடு உட்கார்ந்திருந்தார். "அன்னிக்கி பாப்பா சொன்னது" என்று ஆரம்பித்தேன். அவரே சொன்னார். "தெரியுது, வுடுங்க சம்மந்தி. பொண்ணு எதிர்ல அப்பனக் கொறச்சிப் பேசக் கூடாது. என்ன நெனச்சிக்கினா நெனச்சிக்கட்டும், நான் மாமனாருதானே. என்னிக்காவது நீங்களே சொல்லிடுங்க." உன் அத்தை எனக்கும் ஒரு தட்டில் சோறு போட்டுக் கொடுத்தார். சொல்லிவிடுகிறேன் என்று அவர் எதிரில் தலையாட்டிவிட்டு அதைச் சாப்பிட்டேன். அதற்கப்புறம் அவர் ஏழு வருஷம் இருந்தார். ஏழு வருஷமும் நான் நாளைக்குச் சொல்லலாம் என்றுதான் இருந்தேன்.

அந்த வண்டியை அவர் வாராவாரம் கிணற்றுத் தண்ணீர் ஊற்றிக் கழுவினார். நீ அதையும் பேராசை என்றாய். அவர் அதில் ஏறியது ஒரே ஒரு தடவை, கடைசியாக ஆஸ்பத்திரிக்குப் போனபோது. உன் வீட்டுக்காரர் ஓட்ட, நான் பின்னால் உட்கார்ந்திருந்தேன். மூச்சு வாங்குகிற நிலையிலும் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். வண்டி அழுக்காகிவிடுமாம். ஆஸ்பத்திரியில் நீ அவருக்குக் குறையில்லாமல் எல்லாம் பார்த்தாய், ஒரு நல்ல நர்ஸாகப் பார்த்தாய். அவர் இறந்த பிறகு நீ அழவில்லை என்று சொந்தக்காரர்கள் பேசினார்கள். உன்னை அழ விடாமல் செய்தவன் கூட்டத்தோடு கூட்டமாக மாலை வாங்கிப் போட்டுவிட்டு நின்றிருந்தான்.

நான்கு மாதத்துக்கு முன்னால், அத்தைக்கு டயாலிசிஸ் தொடங்குவதற்கு முன், அதை விற்றோமே, விழுப்புரத்திலிருந்து ஒரு சின்ன வயசு புரோக்கர் வந்தான். என் கண் முன்னால் கதவை விரல் முட்டியால் தட்டினான், ரப்பரை இழுத்தான், தலையை உள்ளே விட்டு முகர்ந்தான். "நல்லாத்தான் வச்சிருக்காங்க சார், பொட்டு துரு இல்ல. ஆனா வருஷம் ஆயிடுச்சே, அப்புறம் பி.ஒய். நம்பரு வேற" என்றான். பதினோரு வருஷத்தில் முப்பத்தெட்டாயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருந்தது. ஓட்டாமல் வைத்தாலும் வருஷம் ஓடிவிடும் என்று நான் எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். ஒன்றேகால் லட்சம் கொடுத்தான். நான் வாதாடவே இல்லை. அவன் 'பொட்டு துரு இல்ல' என்று சொன்னதுதான் காதில் நின்றது, அது யார் கைவேலை என்று எனக்கல்லவா தெரியும்.

இப்போது நீ உட்கார்ந்திருக்கிற இந்த வண்டிக்கு வருகிறேன். நான்கு வருஷம் ஓடியது, ஒரே ஓனர், ஒரு ரிட்டயர்டு டீச்சரம்மா வைத்திருந்தது. சர்வீஸ் பில் ஒன்றுகூட விடாமல் ஃபைல் போட்டு வைத்திருக்கிறார். விலை நாலு லட்சம், அந்த ஒன்றேகாலையும் நீ சேர்த்து வைத்திருந்ததையும் போட்டு முடிந்துவிட்டது, லோன் வேண்டியதில்லை. ஏழு வருஷக் கடனில் புதுசு எடுத்திருந்தால், நடுவில் ஒருநாள் விற்க நினைத்தால் வண்டி விலையைவிடக் கடன் பாக்கி அதிகமாக நிற்கும், உன் வீட்டுக்காரரிடம் இதை மெதுவாகச் சொல். பெரிய சக்கரம், ஸ்பீக்கர், ஸ்டிக்கர் என்று ஒன்றும் சேர்க்காதே, விற்கும்போது பத்து பைசா ஏறாது. சர்வீஸ் பில்லைத் தூக்கிப் போடாதே. பீச்சுக்குப் போனால் வீட்டுக்கு வந்து அடிப்பக்கத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவு, உப்புக் காற்று மேலே ஒன்றும் செய்யாது, கீழேதான் தின்னும். குறைந்தது எட்டு வருஷம் வைத்துக்கொள். நானே வந்து ஆசை காட்டினாலும் முசே மாதிரி காபி கொடுத்து அனுப்பிவிடு. கொடுத்த காசுக்கு வண்டி வேலை செய்ய வேண்டும், அத்தையை ஏற்றிக்கொண்டு போக வேண்டும், மழையில் பையனைப் பள்ளிக்கூடத்தில் விட வேண்டும். வாசலில் நிற்பதற்காக மட்டும் வாங்குகிற காரைவிட விலை உயர்ந்த கார் எதுவும் கிடையாது.

ஆர்.சி. உன் பேரில் இருக்கிறது. நன்றாகப் பார், மூலக்குளம் முகவரி, உன் பெயர். நாளைக்கே இதை விற்றுப் படிக்கப் போகிறேன் என்று உனக்குத் தோன்றினால், என்னைக் கேட்க வேண்டாம், யாரையும் கேட்க வேண்டாம், நீ கையெழுத்துப் போட்டால் போதும். இந்த வயசில் போய்ப் படி என்று சொல்கிற தகுதி எனக்கு இல்லை. நீ ராத்திரி டியூட்டி பார்த்துவிட்டுக் கண் சிவந்து வருகிறாய். உன்னோடு படித்தவர்கள் காலேஜில் பாடம் எடுக்கிறார்கள். பெரிய மார்க்கெட்டில் ஒருத்தியைப் பார்த்தேன், 'அங்கிள், அவதான் எங்க செட்டுலயே நல்லா படிப்பா' என்றாள். மீன் வாங்கப் போனவன் வெறும் பையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

நான் சொல்வதில் உனக்குச் சந்தேகம் இருந்தால் உன் அத்தையைக் கேள். அவருக்கு எல்லாம் தெரியும். கழனி வரப்பில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தவர் இத்தனை வருஷமாக, நீ முகம் கொடுத்துப் பேசாத நாளிலும், உன்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. இப்போது உன் வீட்டிலேயே இருந்துகொண்டு, உன் கையால் மாத்திரை வாங்கிக்கொண்டும் சொல்லவில்லை. அவருக்கும் உடம்பு இப்படியே இருக்கும் என்று சொல்ல முடியாது. சொல்லலாம் சொல்லலாம் என்று நான் உன் மாமனாரை, உனக்கு உண்மை தெரியாமலே, அனுப்பிவைத்த மாதிரி இவரையும் அனுப்பிவிடக் கூடாது என்றுதான் இன்றைக்கு உட்கார்ந்து எழுதிவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை டயாலிசிஸுக்குப் போகும்போது அத்தையை முன்சீட்டில் உட்கார வை. செருப்பைக் கழற்றப் போவார், கழற்ற வேண்டாம் என்று நீயே சொல். அதற்கப்புறம் நேரே நெல்லித்தோப்புக்கு வா. வண்டியை உள்ளே விட இடம் ஒழித்து வைத்திருக்கிறேன், கேட் திறந்திருக்கும். கொல்லையில் துணி காயப்போட்டபோது கேட்க வேண்டியதை வந்து கேள், அக்கம்பக்கம் கேட்கிற மாதிரி கத்து, அம்மாவும் உன் பக்கம்தான் நிற்பாள். எவ்வளவு நேரமானாலும் நான் எதிரில் உட்கார்ந்திருப்பேன். 'விடுப்பா' என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போய்விடாதே.

அப்பா